நெய்வேலியில் பாதிப் படம்

நெய்வேலி என்று ஒரே ஓர் ஊர் இருப்பதாக நம்பி டிக்கெட் கேட்டதுதான் முதல் கோளாறு.

"எந்த நெய்வேலி? ஆர்ச் கேட்டா, டவுன்ஷிப்பா, மந்தாரக்குப்பமா?" என்றார் கண்டக்டர்.

"நெய்வேலிதான் சார்."

"அதான் கேக்கறேன், எந்த நெய்வேலி?"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. பாடம் படிக்காத பையனைப் போல விழித்தேன். அவரே ஒரு முடிவுக்கு வந்து டிக்கெட்டைக் கிழித்தார், மந்தாரக்குப்பத்தில் இறக்கிவிட்டார். நான் போகவேண்டிய இடம் டவுன்ஷிப்புக்கு அந்தப் பக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. லொகேஷன் அனுப்பியிருந்தார்கள், ஆனால் செல்போனில் சார்ஜ் இல்லை.

ஷேர் ஆட்டோ என்னை டவுன்ஷிப்புக்குள் கொண்டுபோனது. எங்கள் ராமநாதபுரம் பக்கம் மரமென்றால் கருவேலம், அதையும் வெட்டிக் கரியாக்குவதுதான் எங்கள் பிழைப்பு. இங்கே சாலைக்கு இரண்டு பக்கமும் நிழல். ஆனால் ஒரு தெருவைப் போலவே அடுத்த தெரு, ஒரு குவார்ட்டர்ஸைப் போலவே அடுத்த குவார்ட்டர்ஸ். எனக்குச் சொல்லப்பட்ட கதவு எண் ஒவ்வொரு பிளாக்கிலும் இருந்தது. நான் தட்டிய கதவைக் கலைந்த தலையோடு ஒருவர் திறந்தார். "நைட் ஷிப்ட் முடிச்சி இப்பதான் கண்ண மூடுனேன். என்னா வேணும் ஒனக்கு?" நேரம் உச்சிவெயில். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

நான் வந்த காரியம் இதுதான். எங்கள் ஊரில் அப்பா கரிமூட்டம் போடுவார். கருவேலங்கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோல் போர்த்தி, ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைப்பார். நாள்கணக்கில் அது புகையும். எங்காவது ஓட்டை விழுந்து காற்றுப் புகுந்தால் கரியெல்லாம் சாம்பலாகிவிடும், அதனால் மூட்டத்தை விட்டு நகர முடியாது. அந்தக் காவலைத்தான் படமாக எடுத்திருந்தேன். கேமரா நண்பனுடையது, லேப்டாப் கல்லூரிச் சீனியருடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். இவ்வளவு படித்தும் அப்பா உட்காரும் இடத்திலேயே போய் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறானே என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

சென்னையைச் சேர்ந்த லதா, தனியாகப் படம் எடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்காக நாலு நாள் பயிற்சி முகாம் ஏற்பாடு செய்திருந்தார். உழைப்பைப் பற்றி ஐந்து படங்கள், எல்லாம் முடிவுபெறாதவை. உழைப்பவர்கள் நடுவில் போட்டுக் காட்ட வேண்டும் என்பதற்காக இந்த ஊர். கடைசி நாளில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதை முடிப்பதற்கு எடிட்டிங் அறையும் ஒலிக்கலவை செய்ய ஆளும் தருவார்கள். எனக்கு அது கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் படம் ஹார்ட் டிஸ்கிலேயே கிடக்கும், சீனியரும் லேப்டாப்பைத் திரும்பக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எங்களை உள்ளூர்க் குடும்பங்களில் தங்கவைத்தார்கள். எனக்குக் கிடைத்தது டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே ஒரு காலனியில் ஏழுமலை அண்ணன் வீடு. அவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். வீட்டை நடத்துவது அவர் மனைவி செந்தாமரை அக்கா. வாசலில் நின்றுகொண்டே விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"எவ்ளோ நேரமா வழி பாத்துகினு இருக்கோம். எந்த வழியா வந்தீங்க?"

"மந்தாரக்குப்பம் போயிட்டேன்க்கா."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாருமில்ல. கண்டக்டர் எறக்கிவிட்டாரு."

"படம் எடுக்கற புள்ளயாம், எறங்கற எடம் தெரியல," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளே ஏழுமலை அண்ணன் சத்தமில்லாமல் சிரித்தார். அவர் எதற்கும் சத்தம் போடுவதில்லை.

பச்சை முந்திரி போட்ட குழம்பு. முந்திரியை நான் பாயசத்தில் எண்ணித் தின்று வளர்ந்தவன். இங்கே மொச்சை போடுவதைப் போல அள்ளிப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பலாச்சுளை. அதற்குப் பிறகும் பலாச்சுளை. வேண்டாம் என்றால் செந்தாமரை அக்காவுக்கு முகம் சுருங்கியது. முதல் நாள் எனக்கு நல்லதாக நடந்தது இந்தச் சாப்பாடு மட்டும்தான்.

இரண்டாம் நாள் வகுப்பு. எடுத்தவர் சென்னையிலிருந்து வந்த எடிட்டர் ஜெயக்குமார் சார். உதவி யாருக்கு என்று முடிவு செய்பவரும் அவரே. நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார், ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டார். "உங்க படம் எதைப் பத்தி? ஒரே வாக்கியத்துல சொல்லுங்க."

"கரிமூட்டம் பத்தி சார்."

"அது தலைப்பு. எதைப் பத்தி?"

"எங்கப்பா மூட்டத்தைக் காவல் காக்கிறது பத்தி."

"அது சம்பவம். எதைப் பத்தி?"

கண்டக்டர் ஞாபகம் வந்தது. யோசித்து, "தனிமை பத்தி சார்" என்றேன். சார் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

மதியம் சமையல்காரர் வரவில்லை. எல்லோரும் வடலூருக்குப் பஸ் ஏறிப்போய் தருமசாலையில் சாப்பிட்டோம். எனக்குப் பக்கத்தில் இரண்டு வடநாட்டு இளைஞர்கள் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ வாக்குவாதம் செய்தார்கள். ஹிந்தி தெரிந்த லதா அதைக் காதில் வாங்கி எங்களுக்குச் சொன்னார். "நாளைக்கு நீ சீக்கிரம் வா, போன வாரம் நான் காத்துக்கிட்டே நின்னேன், கால் கடுத்துப்போச்சு" என்று ஒருவன் சொல்கிறானாம். "பஸ் லேட்டுன்னா நான் பறந்தா வர முடியும்" என்று மற்றவன் கேட்கிறானாம். ஏதோ நண்பர்கள் சண்டை என்று விட்டுவிட்டோம். இரண்டு நாள் அந்த ஊரில் சுற்றியும், அங்கே யாரைப் பார்த்தாலும் இப்படி ஆளுக்கு ஆள் மாற்றிவிடுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலனியின் சமுதாயக் கூடத்தில் முதல் படம் என்னுடையது, பகல் சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால். சாயங்காலம் கூடத்தில் ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுலதானே இருப்பாங்க" என்று லதா முடிவு செய்திருந்தார். காலனியில் யாரும் மறுத்துச் சொல்லவில்லை. சுரங்கத்துக்கு ஞாயிறு கிடையாது, ஆளாளுக்கு லீவு ஒவ்வொரு கிழமையில் வரும் என்பது அவர்களைப் பொறுத்தவரை சொல்லித் தெரியவேண்டிய விஷயமே இல்லை.

கூட்டம் வந்தது. கூடம் நிறைந்தது. ஏழுமலை அண்ணன் குளித்து, பேன்ட் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். படத்துக்காகத்தான் இப்படி வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்குப் பெருமை. ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையும் நாற்காலிக்கு அடியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

படம் ஓடியது. கட்டை அடுக்கும்போது சிரித்தார்கள், மண் பூசும்போது "பரவால்லியே" என்றார்கள். பிறகு அந்தப் பதினோரு நிமிடங்கள். அப்பா உட்கார்ந்திருக்கிறார். மூட்டம் புகைகிறது. எழுந்து ஒருமுறை சுற்றி வருகிறார். உட்காருகிறார். மறுபடி இருட்டு, மறுபடி விடியல். ஒரு சத்தமில்லை. கூடமே மூச்சடக்கிப் பார்த்தது. மூட்டத்தின் உச்சியில் ஓட்டை விழுகிறது. அப்பா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குக் கால் வைக்கிறார்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

பாதிக் கூடம் எழுந்தது. ஒருவர்கூடத் தயங்கவில்லை. ஹெல்மெட்டை விரலில் மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, புரொஜக்டர் வெளிச்சத்துக்குக் குனிந்தபடி வரிசையாக வெளியேறினார்கள். அப்பாவின் முதுகின்மேல் அவர்கள் நிழல் ஒவ்வொன்றாக ஊர்ந்துபோனது. கடைசி நிழல் ஏழுமலை அண்ணனுடையது. வாசலில் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டு அவரும் போய்விட்டார். மிச்சம் இருந்தது பெண்களும் பிள்ளைகளும் லீவில் இருந்த சிலரும், காலி நாற்காலிகளும். ஜெயக்குமார் சார் என்னைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் அவர் சொன்னார்: "எந்த இடத்துல எழுந்தாங்கன்னு பாத்தீங்களா முனியசாமி? பதினோரு நிமிஷம் பொறுத்துப் பாத்தாங்க. அதுக்கு மேல முடியல."

"பஸ் வந்துருச்சு சார்."

"படம் பிடிச்சுக்கிட்டா பஸ்ஸை விட்டுருவாங்க. நான் பாத்திருக்கேன்."

பின்வரிசையிலிருந்து செந்தாமரை அக்கா எழுந்தார். "எப்பிடிங்க சார் வுடுவாங்க? அங்க ஒருத்தரு பெல்ட்டாண்ட நின்னுகினு இருப்பாரு. ரிலீவர் வந்து நின்னாதான் அவரு எறங்கி வூட்டுக்கு வரமுடியும். இவரு படம் பாத்துகினு ஒக்காந்துட்டா அந்த மனுஷன் பசியோட அங்கியே கெடப்பாரு."

"சரிம்மா, நீங்க சொல்றது புரியுது," என்றார் சார், புரியாத குரலில். அடுத்த படத்தைப் போடச் சொன்னார்.

நான் வெளியே வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தேன். எல்லோர் மேலும் கோபம். ஞாயிற்றுக்கிழமையை நம்பிய லதா மேல், ஹாரன் அடித்த டிரைவர் மேல், வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போன ஏழுமலை அண்ணன் மேல். முதல் நாளே "எனக்கு செகண்ட் ஷிப்ட்" என்று சொல்லியிருந்தால் என்ன? சொன்னாரோ என்னவோ. நான் பலாப்பழத்தோடு போராடிக்கொண்டிருந்தேன்.

ஒரு படம் ஓடும் நேரத்துக்குப் பிறகு அதே பஸ் திரும்பி வந்தது. முதல் ஷிப்ட் முடித்த ஆட்கள் இறங்கினார்கள். புருவம்வரை தூசி. வீட்டுக்குப் போகாமல் நேரே கூடத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவரை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி அண்ணன், ஏழுமலை அண்ணன் போய்த்தான் அவரை மாற்றிவிடுவார்.

"என்னா தம்பி, படம் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிருச்சுண்ணே."

"அட. ஏழுமலை சொல்லிதான் அனுப்பனாரு. ஒங்கப்பா கொடத்த தூக்கிகினு மூட்டத்து மேல கால வச்சாரு, அதோட வந்துட்டேன், மீதிய நீ பாத்து நாளைக்குச் சொல்லுன்னாரு. நான் பெல்ட்டு எப்பிடி ஓடுதுன்னு சொன்னேன், அவரு படம் எதுவரைக்கும் ஓடுச்சுன்னு சொன்னாரு. ரெண்டையும் கைமாத்திகினோம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கூடத்துக்குள் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிமேல் லேப்டாப்பை வைத்தேன். வெயிலில் திரையில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. செந்தாமரை அக்கா போர்வை கொண்டுவந்து எல்லோர் தலைக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டார். போர்வைக்குள் பத்துப் பதினைந்து தலைகள், பாதியிலிருந்து என் படம். அப்பா மூட்டத்தின்மேல் ஏறினார். மண்ணைப் பிசைந்து அடைத்தார். இறங்கினார்.

"யம்மாடி," என்றார் கலியமூர்த்தி அண்ணன்.

கடைசிக் காட்சியில் அப்பா மூட்டத்தைப் பிரித்துக் கரியை அள்ளுகிறார். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை.

"ரிலீவர் எங்க?" என்றார் கலியமூர்த்தி அண்ணன்.

"யாருக்குண்ணே?"

"ஒங்கப்பாவுக்கு. ஏழுமலை சொன்ன பாதியில யாரும் வரல. சரி, பின்னாடி வருவாங்கன்னு பாத்துகினு இருந்தேன். இந்தப் பாதியிலயும் வரல."

"ரெண்டு பாதியும் பாத்தவ நான்," என்றார் செந்தாமரை அக்கா, போர்வையைக் கீழே விட்டுவிட்டு. "எங்கியும் வரல. ஏன் தம்பி, அம்மா தவறிட்டாங்களா?"

"இல்லக்கா, இருக்காங்க."

"அப்பா வேற கல்யாணம் கட்டிகினாரா?"

கூட்டம் சிரித்தது. நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன். "இல்லக்கா. அம்மா வருவாங்க. அப்பா சாப்பிட்டுப் படுத்து எந்திரிக்கிற வரைக்கும் அம்மாதான் பாத்துக்கிருவாங்க. மண்ணு அப்புறது, தண்ணி ஊத்துறது எல்லாம் அவங்கதான்."

"தூங்கறாரா? படத்துல கண்ண மூடவே இல்லியே."

"தனியா இருக்கிற மாதிரி இருந்தாத்தான் படம் நல்லாருக்கும்னு…"

"நாங்க டபுள் ட்யூட்டி பாத்தாலே கண்ணு சொருகிகினு போவுது," என்றார் கலியமூர்த்தி அண்ணன். குரலில் கோபமில்லை, ஆனால் ஏமாற்றம் இருந்தது. "நாள்கணக்கா ஒத்த ஆளுன்னு காமிச்சா நாங்க எப்பிடி நம்பறது?"

"அந்தம்மா பாத்த ட்யூட்டியையும் சேத்து அப்பா பேர்ல போட்டுட்டீங்க," என்றார் செந்தாமரை அக்கா. "படிச்ச புள்ள."

அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. காலில் செருப்பில்லாமல் ஏறலாமா, ஹெல்மெட் போட்டால் என்ன, புகைக்கு முகத்தை மூடவேண்டாமா என்று அப்பாவுக்குப் பாதுகாப்பு வகுப்பே நடந்தது. நான் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. அம்மாவை எடுத்திருந்தேன். நிறையவே எடுத்திருந்தேன். டிஸ்கில் இடம் போதாமல் போனபோது தேவையில்லாதது என்று முதலில் அழித்தது அவளைத்தான்.

நாலாம் நாள் காலை ஜெயக்குமார் சார் தனியாகக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் டீயைவிட இந்த ஊர் டீயில் சர்க்கரை ஒரு பங்கு கூட. இதே மாவட்டத்தில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருப்பதனாலோ என்னவோ.

"உங்க படத்தைத்தான் எடுக்கலாம்னு இருக்கேன்," என்றார். "ஒரே நிபந்தனை. பதினோரு நிமிஷத்தை ரெண்டு நிமிஷமாக்கணும். மொத்தப் படமும் அதுக்கேத்த மாதிரி சுருங்கணும். உங்க அப்பா, இருட்டு, புகை. ஒத்தை மனுஷன். அன்னைக்கு நீங்களே சொன்னீங்களே, தனிமைன்னு. அதை மட்டும் வெச்சுக்கலாம். மழைக்கு முன்னாடி முடிச்சிரலாம்."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இரண்டு வருடமாக நான் காத்திருந்த வார்த்தைகள் அவை.

"அப்பா தனியா இல்ல சார்," என்றேன்.

"என்னது?"

நேற்று மரத்தடியில் நடந்ததைச் சொன்னேன். அம்மாவைத் திரும்ப எடுக்கவேண்டும், படம் சுருங்காது, நீளும் என்றேன். முழுதாகக் கேட்டார். இடைமறிக்கவே இல்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

"நீங்க சொல்றது நல்ல படம்," என்றார். "ஆனா அது வேற படம். நாங்க கொடுக்கறது முடிக்கறதுக்கான உதவி. நீங்க ஆரம்பிக்கறதைப் பத்திப் பேசறீங்க. இப்ப இருக்கற படத்துக்கு சரின்னா சொல்லுங்க, மத்தியானம் அறிவிச்சிடறேன்."

"இப்ப இருக்கிறது பொய்யில்ல சார். ஆனா…"

"ஆனா?"

"சரியில்ல சார்."

டீக்கு அவரே காசு கொடுத்தார். மத்தியானம் ஈரோட்டிலிருந்து வந்த பெண்ணின் சாயப்பட்டறைப் படத்துக்கு உதவி அறிவிக்கப்பட்டது. நல்ல படம்தான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை என்பது என் எரிச்சலை இன்னும் கூட்டியது. லதா என்னிடம் சரியாகப் பேசவில்லை. "உனக்காக எவ்வளவு சொல்லி வெச்சிருந்தேன் தெரியுமா" என்று ஒருமுறை கேட்டுவிட்டு வண்டியேறப் போய்விட்டார்.

ஏழுமலை அண்ணன் வேலைக்குப் போகிற வழியில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். நாலு நாளில் அவர் என்னிடம் அதிகம் பேசியது அன்றுதான். "மீதிய கலியமூர்த்தி நேத்து ராத்திரியே சொல்லிட்டாரு. அம்மாவ போட்டு எடுத்துட்டு வாங்க. வரும்போது மட்டும் எந்த ஷிப்ட்டுன்னு கேட்டுகினு வாங்க." அவர் பஸ் முதலில் வந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

வடலூர் பஸ் நிலையத்தில் செல்போனுக்குச் சார்ஜ் போட ஒரு கடைக்காரரைக் கெஞ்சி, அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கெடைச்சிருச்சாப்பா?"

"இல்லம்மா. குடுத்தாங்க. நான் வேணாம்னுட்டேன்."

"கிறுக்குப் பயலே. ரெண்டு வருசமா அதத்தான சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. ஏன் வேணாம்ன?"

"படத்துல நீ இல்ல."

"நான் எதுக்குடா படத்துல?" உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "வேற சோலி இல்லையா ஒனக்கு? அந்த லேப்டாப்புக்காரப் பையன் நேத்தும் போன் போட்டான். அவனுக்கு என்ன பதில் சொல்ல?"

பின்னால் கடலூர் பஸ்காரர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குரலை உயர்த்தி, "அம்மா, நீ இப்ப எங்க இருக்க?" என்றேன்.

"எங்க இருப்பேன், மூட்டத்துலதான். மெதுவாப் பேசு, ஒங்கப்பா இப்பத்தான் கண்ணசந்தாரு."

அந்தப் பக்கம் அவள் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது.

"மேக்குப் பக்கம் ஒரு ஓட்ட விழுந்துருக்கு, மண்ணு அப்பணும். போன வையி," என்றாள். அவளே வைத்துவிட்டாள்.